பெயருக்கு முன்னால் இருந்த இடம்

ராயபுரம் வாழ் பெருமக்களுக்கும் அகில உலகத் தமிழ்ச் சமுதாயத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், முத்தமிழ் முனைவர் நெல்சன் அவர்கள் மொரீஷியஸ் மண்ணில் தமிழ்க்கொடி நாட்டப் புறப்பட்டுவிட்டார். இருபதடி பிளெக்ஸ். நடுவில் கடலை வெறித்தபடி நெல்சன். சுற்றிலும் வாழ்த்துவோர் முப்பத்திரண்டு பேர், அதில் பதினொரு பேர் கறுப்புக் கண்ணாடியில்.

நெல்சன் முனைவர் இல்லை. தபால்வழி எம்.ஏ. தண்டையார்பேட்டை டுடோரியலில் பத்தாவது தவறியவர்களுக்குப் பதினெட்டு வருடம் தமிழ் நடத்தியவர். அவர் மனைவி ரோஸ்மேரி பிளெக்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் கல்யாண பேனரில் மாப்பிள்ளையைச் சிங்கம் என்று போட்டிருந்தார்கள். அதற்காக யாரும் வனத்துறையைக் கூப்பிடவில்லை.

மொரீஷியஸில் ஒரு தமிழ்ச் சங்கம் தமிழ் சொல்லித்தர அவரை மூன்று மாதம் சோதனைக்கு எடுத்திருந்தது. வேலை அனுமதி வந்தால் ரோஸ்மேரியும் மகள் அனிஷாவும் போய்ச் சேரலாம். அந்த 'வந்தால்' யார் காதிலும் விழவில்லை. அனிஷாவுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாயிற்று. ரோஸ்மேரி இறால் கம்பெனி வேலையை விட்டாள். மறுநாளே அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

நெல்சன் தினமும் வீடியோவில் வந்தார். எண்ணூர்ப் புகை இல்லாமல் முதல் வாரம் தூக்கம் வரவில்லை. ரொட்டி முழ நீளம், கடித்தால் பல் வலி. மாணவர்கள் ஏழு பேர், ஐந்து பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து கோவிலில் பாடிவரும் பாட்டுக்குப் பொருள் தெரிந்துகொள்ள வந்தவர்கள். "மேரி, எழுவது வயசு அம்மா ஒண்ணு இன்னிக்கு 'எனக்குப் பசிக்கிறது'ன்னு தானே எழுதுச்சு. எழுதிட்டு அழுவுது." இரண்டாவது மாதம் ராயபுரத்தை 'நம்மூரு' என்பதை விட்டு 'அங்க' என்று சொல்லத் தொடங்கினார். ரோஸ்மேரி அதைக் கவனித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிளெக்ஸ் வைத்தவர் காலித், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர். அதைப் படமெடுத்து முகநூலில் போட்டு, சங்கத்தின் பெயரையும் கோர்த்துவிட்டார். சங்கத் தலைவருக்கு மெய்சிலிர்த்தது. வெறும் எம்.ஏ.வைக் கூப்பிட்ட இடத்தில் ஒரு டாக்டரே அகப்பட்டிருக்கிறார். ஆண்டு விழாவில், அமைச்சர் முன்னிலையில், 'டாக்டர் நெல்சன்' என்று முழங்கி மாலை போட்டார்.

"நான் டாக்டர் இல்லன்னு சொல்ல வேண்டிதானே?" என்றாள் ரோஸ்மேரி.

"மாலை வுழுந்தப்புறம் எப்டி சொல்றது? எல்லாம் கைதட்டிகினு கீறாங்க." பிறகு, "நல்லாவும் இருந்துச்சு" என்றார் நெல்சன்.

விழாவுக்கு வந்திருந்த வேலை அனுமதி அதிகாரி ஒருவர் அலுவலகம் போய் நெல்சனின் ஃபைலைப் புரட்டினார். அதில் டாக்டர் யாரும் இல்லை. பட்டச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. மேடையில் முழங்கிய தலைவர் ஒரே நாளில் ஏமாற்றப்பட்டவர்கள் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அனுமதி இல்லை, புறப்படலாம் என்றார்கள்.

ரோஸ்மேரி காசிமேட்டுக்குப் போனாள்.

"இன்னாத்துக்குண்ணே முனைவர்னு போட்ட?"

காலித் ஐஸைக் கோணியால் மூடிவிட்டு வந்தார். "பேருக்கு முன்னால எடம் காலியா இருந்துச்சு தங்கச்சி. வெறும் நெல்சன்னு போட்டா மொட்டையா கீது. எம்பேருக்கு முன்னாலகூட தொழிலதிபர்னு போட்டுக்கினேன். ஒருத்தனும் கேக்கல." அவர் கண் கலங்கியிருந்தது. "வேணா நான் ஒரு லெட்டர் எழுதித் தரட்டா, தப்பு எம்மேலதான்னு?"

"இன்னான்னு கையெழுத்து போடுவ, தொழிலதிபர்னா?"

காலித் திரும்பிப் போய் ஐஸ் மேல் கோணியை இன்னொரு தடவை இழுத்துவிட்டார். அவளுக்கு மேற்கொண்டு திட்ட வரவில்லை.

கடைசி வகுப்பன்று நெல்சன் போனை மேசைமேல் சாய்த்துவைத்து ரோஸ்மேரிக்குக் காட்டினார். ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுந்துபோய், ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று, கரும்பலகையில் எழுதினார்: 'ஐயா நாளை வருவார'. நெல்சன் சாக்பீஸை வாங்கி, விட்டுப்போன புள்ளியை மட்டும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை முதல் அந்த அறையில் யோகா வகுப்பு.