கவுண்டரிலிருந்து கிடங்குக்கு

ஒன்பது வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவளை, ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் பின்பக்கக் கிடங்குக்கு அனுப்பினார். அவள் உதட்டோரத்திலும் விரல்களிலும் வெண்புள்ளி படரத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.

"சார், இது ஒட்டாது. மருந்து படிச்ச நமக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. வர்றவங்களுக்குத் தெரியணுமே? முகம் சுளிக்கிறாங்க."

கிடங்கில் பெட்டிகளை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். வெளியே பழகிய குரல் கேட்டால் கால் தானாகக் கதவுவரை போய்த் திரும்பியது. வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. காய் நறுக்க உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள்.

"வேலைதான் போகலையே, விடேன். ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே" என்றான் கணவன்.

"வேலை இருக்குங்க. என்னைத்தான் ஒளிச்சு வச்சிருக்காங்க."

மறுநாளே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்த அதிகாரியம்மா முழுதும் கேட்டுக்கொண்டார். "தோலைப் பார்த்து ஒருத்தரை ஒதுக்கக் கூடாதும்மா, சட்டம் உங்க பக்கம். ஆனா காரணம் அதுதான்னு காட்டணும். அவர் சொன்னப்போ கூட யார் இருந்தா?"

இருந்தது ஒருத்திதான், பில் போடும் கண்ணாடி அக்கா. வருஷாவருஷம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் அக்காவுக்கு வேலை. "என்னை இழுக்காதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டாள். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததால் விசாரணைக்கு வந்தாள். வாயைத் திறக்கப் போவதில்லை என்ற முடிவோடுதான் வந்தாள்.

மேலாளர் கூசாமல் சொன்னார்: "கிடங்கு வேலையை அவங்களாவே கேட்டு வாங்கினாங்க."

இவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவோ நாற்காலியில் நெளிந்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், பிறகு பொறுக்காமல் எழுந்தேவிட்டாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க சார். வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கன்னு சொன்னது நீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. அவள் கவுண்டருக்குத் திரும்பினாள். நான்காம் நாள் அக்கா ஒரு கடிதத்தோடு அவள் முன்னால் வந்து நின்றாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம். காரணம் எதுவும் எழுதவில்லை.

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். அரைநாள் விடுப்பு எழுதி மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

"கிளம்புங்கக்கா. சாட்சி சொன்னதுக்காக வேலையைப் பறிக்கவும் கூடாது."

"அது சரி. எனக்கு யாருடி சாட்சி?"

"நான் இருக்கேன்ல? வாங்க, தொழிலாளர் ஆபீஸ்ல ஒரு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க" என்றவள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.