தையல் பெட்டியும் மூன்று ஆம்பிளைகளும்

இராசலிங்கம் அண்ணை வீட்டுப் பிறந்தநாள் விழாவில், என் தூண்டில் பெட்டியை மேசை நடுவில் திறந்து வைத்து, "இதெல்லாம் நான் அடுக்கினது" என்று என் கணவர் சொன்னபோது என் கையில் றோல்ஸ் பலகாரத் தட்டு இருந்தது. தட்டு மட்டும் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ எனக்கே தெரியாது. தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். சபையில் புருஷனின் வாயை மூட வைக்கக் கூடாது என்று வளர்த்துவிட்டார்களே, அந்த வளர்ப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது 2006 கோடைகாலம். ஜெர்மனியில், எங்கள் எசன் நகரம் முழுவதும் கார்களில் உலகக்கிண்ணக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. நான் விடியற்காலையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்துவிட்டு, கால்வாய்க் கரையால் நடந்து வீடு திரும்புவேன். அங்கே ஒரு நாள் ஒருவர் பச்சையில் கறுப்பு வரி போட்ட மீன் ஒன்றைத் தூக்கியதைப் பார்த்தேன். பார்ஷ் என்றார். தமிழ்க் கடையில் ஐஸ் கட்டியோடு சேர்த்து நிறுத்து, பொன் விலைக்குத் தருகிற மீனை வருடக்கணக்காகச் சமைத்துக்கொண்டிருந்தவளுக்கு, துள்ளுகிற மீனைக் கண்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

இந்த நாட்டில் நினைத்தவுடன் தூண்டில் போட முடியாது. பரீட்சை எழுத வேண்டும், ப்ரூஃபுங் என்பார்கள். மீன்களின் பெயர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கார்ட்டை இழுக்கச் சொல்வார்கள். அதில் எந்த மீன் வருகிறதோ, அதற்குரிய தடி, நூல், முள், ஈயம் எல்லாவற்றையும் அங்கே குவித்து வைத்திருப்பதிலிருந்து தேர்ந்து, சரியான வரிசையில் கோத்துக் காட்ட வேண்டும். கூடவே கைவலை, அளவுகோல், மீனைத் தலையில் அடித்து மயக்குவதற்கு ஒரு கட்டை, கத்தி, முள் கழற்றும் கருவி. இவை இல்லாமல் தூண்டிலைத் தொடவே கூடாது.

நான் தனியாகப் போவதா என்று என் கணவர் பரராசசிங்கமும் சேர்ந்துகொண்டார். சேர்ந்த அன்றே கடைக்குப் போய், பளபளக்கும் ரப்பர் மீன்களும் தகடுகளும் நிறைந்த பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதில் பாதி கடல் மீனுக்கு. மற்றப் பாதி எந்த மீனுக்கு என்று விற்றவனுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெட்டியில் இன்றுவரை அகப்பட்டது அவர் ஒருவர்தான்.

"விலை இருந்தால்தான் பொருள் நல்லது மலர். உமக்கு உது விளங்காது" என்றார்.

எனக்கு விளங்கியது வேறு. முதலில் எந்த மீன் என்று முடிவு செய்ய வேண்டும். பார்ஷ் என்றால் மெல்லிய தடி போதும், மெல்லிய நூல் போதும். சின்னச் சுழல்தகடு கொஞ்சம், விரல் நீள ரப்பர் மீன் கொஞ்சம், புழுவுக்குச் சின்ன முள். மற்றதெல்லாம் கடைக்காரன் பிள்ளைகளின் படிப்புச் செலவு. தடியைப் பழைய சாமான் சந்தையில் எடுத்தேன். நுனி வளையம் உடைந்திருந்தது, புதிதாய் ஒன்று ஒட்டினேன். நூல் சுற்றும் சக்கரத்தை மட்டும் புதிதாக வாங்கினேன். அதில் கஞ்சத்தனம் பிடித்தால் மீன் இழுக்கிற நேரத்தில் பல்லிளித்துவிடும்.

பெட்டி தெருவில் கிடைத்தது. வேண்டாத தளபாடங்களை வாசலில் வைக்கிற நாளில் யாரோ ஒரு மரத் தையல் பெட்டியை வெளியே வைத்திருந்தார்கள். கைபிடியை விரித்தால் இரண்டு பக்கமும் படிப்படியாகத் தட்டுகள் விரியும். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற பாஸ்கரனிடம் கேட்டு, பிலிம் சுருள் வருகிற குட்டி டப்பாக்களை வாங்கி, முள்களை அளவு வாரியாகப் போட்டு, மூடியில் தமிழில் எழுதி ஒட்டினேன். மேல் தட்டில் அடிக்கடி எடுப்பவை. கீழே ஈயம். ஈரமானது எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது, துரு பிடிக்கும். மயக்குகிற கட்டைக்கு, உடைந்துபோன சப்பாத்திக் கட்டையின் பாதி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை எடுப்பேன். கடுகு எங்கே, வெந்தயம் எங்கே என்று தடவி எடுக்கிற கைக்கு இது என்ன பெரிய வித்தையா?

பரீட்சையில் நான் தேறினேன், மீன்பிடிப் பத்திரம் என் பேரில் வந்தது. அவர் தேறவில்லை. அவருடைய கார்ட்டில் வந்தது கையளவுச் சின்ன மீன். அவரோ அங்கே இருந்ததிலேயே தடித்த கடல் தடியை எடுத்திருக்கிறார். கலியாணத்துக்கு மொய் எழுதுவதுபோல, குறைந்ததை எடுத்தால் மரியாதையில்லை என்று நினைத்துவிட்டார். அதுகூடப் போகட்டும். கடைசியில் வலை, கத்தி எல்லாம் வைத்தவர் கட்டையை வைக்கவில்லை. ஏன் என்று பரீட்சகர் கேட்டதற்கு, "மீனுக்கு ஏன் அடிக்க வேணும், அது தானாய்ச் சாகுந்தானே" என்று ஜெர்மனில் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் மீனுக்கு யார் அடித்தார்கள்? கூடைக்குள் கிடந்து துடித்துச் சாகும். இங்கே அது குற்றம். படிக்கத் தந்த புத்தகத்தில் எத்தனை இடத்தில் எழுதியிருந்தது. புத்தகத்தைத் திறந்தால்தானே.

தோற்றது தப்பில்லை. அடுத்த முறை எழுதலாம். ஆனால் இந்த மனுஷன் இராசலிங்கம் அண்ணை வீட்டில் என்ன சொன்னார் தெரியுமா?

"ப்ரூஃபுங் பாஸ் பண்ணியாச்சு. மலருக்கும் கொஞ்சம் காட்டிக் குடுத்தனான். சும்மா துணைக்கு வருவா."

எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். எங்கள் தெருவில் இருக்கிற வின்சன்ற், இங்கே பள்ளிக்கூடம் படித்து ஜெர்மன் தண்ணீர்போலப் பேசுகிற பெடியன், சப்பாத்திக் கட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"அது... தடி ஊண்டுறதுக்கு, நிலத்தில குச்சி அடிக்க" என்றார் என் கணவர், என் முகத்தைப் பாராமல். அதோடு நிற்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, பார்ஷ் பிடிச்சுக் காட்டுறன்" என்று இராசலிங்கம் அண்ணையையும் வின்சன்றையும் கூப்பிட்டும் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, பத்திரம் ஆற்ற பேரில இருக்கு? ஆராவது வந்து பிடிச்சால் என்ன செய்வியள்? சிற்றிசன் விண்ணப்பம் ஒஃபிஸில கிடக்கு. பொலிஸ் கேஸ் வந்தால் எல்லாருக்கும் சேர்த்துப் போயிடும்."

"ஒரு நாளைக்குத்தானே. ஞாயிற்றுக்கிழமை விடிய ஆர் வரப்போறான்? சொல்லிப்போட்டன், இனி மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

சொல்லிவிட்டாராம். சொன்ன பொய்க்கு மரியாதை, எனக்கு இல்லை. நான் வராவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அதனால்தான் போனேன். பெட்டி போகிற இடத்துக்கு நானும் போவேன், பத்திரம் என் கைப்பைக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை புறப்படும்போது சமையலறைக் குப்பை வாளிக்குள் என் கட்டை கிடந்தது. தேய்ந்த சப்பாத்திக் கட்டை கூட்டாளிமாருக்கு முன்னால் வெட்கக்கேடாம். பரீட்சையில் காலை வாரியதும் அதுதான் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்குக் காட்டாமல் எடுத்துக் கழுவித் துடைத்து, கைப்பைக்குள் வைத்தேன்.

கால்வாய்க் கரையில் அவர்கள் என் பெட்டியை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. வின்சன்ற் மூன்று டப்பாக்களை ஒரே மூடிக்குள் கொட்டினான். இராசலிங்கம் அண்ணை புதிதாக வாங்கி வந்த தடியின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றவே தெரியாமல் என் கத்தியைக் கேட்டார். என் கணவர் என்னுடைய தடியை எடுத்து, என்னுடைய நல்ல சுழல்தகட்டைக் கட்டி, முதல் வீச்சிலேயே எதிர்க்கரைக் கல்லுக்குள் மாட்டி அறுத்தார். பிறகு ஒரு ரப்பர் மீனைக் கட்டி வீசிவிட்டு, காற்றைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

"நீர் தேத்தண்ணியை ஊத்தும்" என்றார் என்னைப் பார்த்து.

ஊற்றினேன். வின்சன்றுக்கு இரண்டு கரண்டி சீனி. இராசலிங்கம் அண்ணைக்குச் சலரோகம், அரைக் கரண்டி. என் கணவருக்கு மூன்று கரண்டி, கலக்காமல் அடியில் கிடக்க வேண்டும். எல்லாம் எனக்குத்தானே தெரிய வேண்டும்.

அப்போதுதான் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். சட்டைப் பையில் இருந்து அடையாள வில்லையை எடுத்துக் காட்டி, தான் மீன்பிடிக் கண்காணிப்பாளர் என்றார். பத்திரங்களைக் கேட்டார்.

இரண்டு ஆம்பிளைகளும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கையில் தடி, நூல் தண்ணீருக்குள்.

"இஞ்ச, அதை எடுத்துக் குடும்" என்றார் மெதுவாக. நான் பத்திரத்தை நீட்டினேன். என் கணவர் நண்பர்கள் பக்கம் திரும்பி, "அது ஃபமிலி கார்ட். ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எதில் அளப்பது? ஃபமிலி கார்ட்டாம். விடியற்கால வேலைச் சோர்வோடு நான் படித்த படிப்பு குடும்பப் படிப்பு. நான் அடுக்கிய பெட்டி குடும்பப் பெட்டி. குப்பைக்குள் கிடந்த கட்டை மட்டும் என்னுடையது.

கண்காணிப்பாளர் பத்திரத்திலிருந்த படத்தைப் பார்த்தார், என் பொட்டைப் பார்த்தார், பிறகு தடியைப் பார்த்தார். "பத்திரம் உங்களுடையது. தடி இவருடைய கையில் இருக்கிறதே?" என்றார் ஜெர்மனில்.

உண்மையைச் சொன்னால் கேஸ். சொல்லாவிட்டால் நான் ஆயுள் முழுவதும் துணைக்கு வந்தவள். நான் தேத்தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டு எழும்பினேன்.

"தடி என்னுடையது. பெட்டியும் என்னுடையது. இங்கே பரீட்சை பாஸ் பண்ணியது நான் ஒருத்திதான். இவர்கள் தேநீர் குடிக்க வந்தவர்கள். நான் ஊற்றப் போனபோது என் கணவரிடம் பிடிக்கச் சொன்னேன். அது என் பிழை" என்றேன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, எல்லோருக்கும் விளங்குகிற ஜெர்மனில் சொன்னேன்.

என் கணவர் தடியை என் கையில் தந்தார். அவருக்கு வேர்த்திருந்தது.

"உங்கள் பெட்டி என்றால் கருவிகளைக் காட்டுங்கள்" என்றார் கண்காணிப்பாளர். அவர் நம்பவில்லை. குழம்பிக் கிடந்த அந்தப் பெட்டியைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? வலை புல்லில் கிடந்தது, காட்டினேன். ஒரு கையால் தட்டுக்குள் தடவி அளவுகோல், முள் கழற்றும் கருவி இரண்டையும் எடுத்து வைத்தேன். கத்தியை இராசலிங்கம் அண்ணை கூச்சத்தோடு திருப்பித் தந்தார்.

"மயக்குகிற கட்டை?"

என் கணவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அது குப்பைக்குள் கிடக்கிறது என்றுதானே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து எடுத்து, என் கணவரின் மூக்குக்குக் கீழேயே மற்றக் கருவிகளோடு வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தடி நுனி ஆடியது. இரண்டு குத்து, பிறகு ஒரு இழுவை. வீசத் தெரியாதவர் வீசிய இடத்துக்கே மீன் வந்திருக்கிறது, அதை என்னவென்று சொல்ல? நான் அவசரப்படாமல் சுற்றினேன்.

"வலையைப் பிடியுங்கோ" என்றேன்.

என் கணவர் முழங்காலில் நின்று வலையைப் பிடித்தார். நல்ல பார்ஷ், முதுகு முள்ளை விரித்துக்கொண்டு வந்தது. அளந்தேன், சப்பாத்திக் கட்டையால் தலையில் ஒரே அடி, பிறகு கத்தி. கண்காணிப்பாளர் தலையாட்டினார். பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"இன்றைக்கு எச்சரிக்கையோடு விடுகிறேன். அடுத்த பரீட்சை நவம்பரில். வீட்டிலேயே நல்ல ஆசிரியை இருக்கிறாரே."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். வின்சன்ற்தான் முதலில் கேட்டான்.

"அப்ப அண்ணை, அந்தக் கட்டை குச்சி அடிக்கிறதுக்கு இல்லையோ?"

இராசலிங்கம் அண்ணை இருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கலந்து கிடந்த முள்களைப் பிரித்து டப்பாக்களில் போடத் தொடங்கினேன்.

"என்னப்பா" என்றேன் தலை நிமிராமல். "எனக்கொரு தேத்தண்ணி ஊத்துங்கோ."

அவர் ஊற்றினார். சீனி டப்பாவைத் திறந்தார், கரண்டியை உள்ளே விட்டார், அப்படியே நின்றார். எனக்கு அது தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது.

"மலர்" என்றார். "உமக்கு எத்தினை கரண்டி?"

எங்கள் மூத்த மகள் பிறந்த நாளிலிருந்து நான் சீனி போடுவதில்லை. அவளுக்கு அப்போதே மீசை முளைத்த சிநேகிதர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.