ரோஸ் அங்கி வராத ஞாயிறு

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு வந்தால் கோயிலில் எல்லோருக்கும் முகம் மலரும். ஷைனிக்கு மட்டும் அந்த ஞாயிறு வரவே கூடாது. அன்று ஒருநாள் ஃபாதர் ஊதா அங்கியை விட்டுவிட்டு ரோஸ் அங்கி போடுவார். பாதித் தவம் தாண்டியாயிற்று, ஈஸ்டர் பக்கத்தில் வந்துவிட்டது, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். மூச்சு விடுவதாம்! அவளுக்கு மூச்சு முட்டுவதே அன்றிலிருந்துதான்.

எல்லாம் அவள் புருஷன் சாம்சனால். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் வேலை. வருஷமெல்லாம் குடிப்பவன், தவம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால் ஒரு சொட்டுத் தொடமாட்டான். ஈஸ்டர் பூசை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்விடுவான். அப்புறம் அவனைத் தெருவிலிருந்து தூக்கி வந்து, வாந்தியைக் கழுவி, சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி, அவளுக்குச் சீ என்று அலுத்துப்போயிருந்தது.

கோயில் உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள்தான். இந்த வருஷம் ரோஸ் அங்கியை எடுக்கக் கை வரவில்லை. பீரோவின் அடியில் தள்ளிவிட்டு, பூச்சி அரித்துவிட்டதென்று ஃபாதரிடம் சொன்னாள். ரோஸ் கட்டாயமில்லை அம்மா, ஊதாவே போதும் என்றார் அந்த மனுஷன். பொய் உறுத்தினாலும், ஈஸ்டரையே தள்ளிப்போட்டுவிட்டதாக அவளுக்கு ஓர் அசட்டு ஆறுதல்.

ஞாயிறன்று ஷிப்ட் முடிந்து பூசைக்கு வந்த சாம்சன், ஃபாதர் ஊதாவில் வருவதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்தும் நாஷ்டாவைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்டாள்.

“கடைக்குத்தான். அந்த ரோஸப் பாத்துக்கினுதான் ஷைனி மீதி நாள ஓட்டுவேன். இன்னிக்கி வந்துரும்னு பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். அதுவும் வரல. இனிமே என்னால முடியல.”

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவளுக்குச் சுரீரென்றது. வாசலை மறித்து நின்றாள்.

“ரோஸ பூச்சி அரிச்சிட்ச்சின்னு ஃபாதராண்ட பொய் சொன்னேன். நான்தான்யா ஒளிச்சி வெச்சேன். ரோஸ் வந்தா ஈஸ்டர் வந்துரும். ஈஸ்டர் வந்தா நீ கடைக்குப் பூடுவ.”

சாம்சன் அவளையே பார்த்தான். ஊரே காத்திருக்கிற நாளுக்குத் தன் வீட்டில் ஒருத்தி பயந்துகொண்டிருந்தாள் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்கு உறைத்ததே இல்லை. செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஈஸ்டருக்கு அப்புறம் ஃபாதர் என்ன கலர் போடுவார் என்று கேட்டான். வெள்ளை, வெயில் காலமெல்லாம் வெள்ளைதான் என்றாள்.

“அப்ப வெள்ள முடியறவரைக்கும் தொடமாட்டேன். அதுக்கு மேல கேக்காத ஷைனி. எனக்கே தெரியல.”

அவள் கேட்கவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.