நாற்பது அழகுச் செடிகள்

வெண்டைக்காய் தின்ன ஆசைப்பட்டது ஒரு குற்றமா, நீங்களே சொல்லுங்கள். ஐம்பத்துநாலாம் வருஷம், ஐப்பசி. எனக்கு மசக்கை. அடைமழையில் நெடுங்காடு, நெரவிக் கொல்லைகளெல்லாம் தண்ணீரில் கிடந்தன. காரைக்கால் கடைத்தெருவில் காய் என்று சொல்ல ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் துரை பங்களாவில் தோட்டக்காரர். செம்பருத்திப் பாத்திகளுக்கு நடுவே, வீட்டுச் சமையலுக்காகத் திருட்டுத்தனமாய் நாற்பது வெண்டை போட்டிருந்தார். தெரிந்தால் வேலை போய்விடும்.

பிரஞ்சுக்காரன் பங்களாவை நம்மவர்களிடம் ஒப்படைக்கிற சமயம். செடிகளை எண்ணி ஜாபிதா, அதாவது பட்டியல், எழுத வந்தார் சுப்ராயன் என்ற குமாஸ்தா. சைகோனில் வளர்ந்த மனுஷன். வெண்டையைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறார். காலை நேரம், நாற்பதும் மஞ்சளாகப் பூத்து நின்றன.

“அடேயப்பா! இது என்னய்யா பூ?”

என் வீட்டுக்காரர் அவசரமாய்ச் சொன்னார்: “செம்பருத்திக்குச் சொந்தங்க. ரெண்டும் ஒரே குடும்பம்.” பொய்யில்லை, பழைய துரையே சொன்னதுதான்.

“அழகுச் செடி, நாப்பது” என்று எழுதினார் சுப்ராயன். தாளில் அதுதான் கடைசி வரி. செம்பருத்திக்கு இடமில்லை. “சொந்தம்னுதானே சொன்னே? அதுக்குள்ள அடங்கிரும், போ.”

காய் தொங்கிய அன்றைக்குப் புது அதிகாரி கோவிந்தராசு வந்தார். ஜாபிதாவை வைத்துக்கொண்டு எண்ணினார்.

“இது வெண்டைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா சர்க்கார் அழகுச் செடின்னு எழுதியிருக்கே. ஒரு காய் குறைஞ்சாலும் ஒன் வேல போச்சு.”

நாசமாய்ப் போக! தினமும் வேலிக்கு வெளியே நின்று எச்சில் விழுங்கினேன். கண்முன்னே காயெல்லாம் முற்றி நார் பாய்ந்தது.

“ஏங்க, ஒரே ஒரு பிஞ்சுங்க” என்று அழுதேன்.

“வேல போயிட்டா பொறக்கப்போற புள்ளைக்கு என்னத்த ஊத்துவே?” என்று அவரும் அழுதார்.

பிறகு கோவிந்தராசு கண்ணில் செம்பருத்தி பட்டது. “இது ஜாபிதாவுலயே இல்லையே! யாரக் கேட்டு நிக்குது? வெட்டி எறி!”

வெட்டியதை என் வீட்டுக்காரர் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூவையெல்லாம் ஆய்ந்து, புளி கரைத்து, குழம்பு வைத்துவிட்டேன்.

ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

“வெண்டக்கா மாதிரியே வழவழன்னு இருக்கு புள்ள.”

நானும் தின்று பார்த்தேன். சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு பருக்கைக்குக்கூடக் குழம்பு மிச்சம் வைக்கவில்லை.