ஒரு மெயிலுக்கு ஒரு ஆளு

நாலு சாஃப்ட்வேரப் பாத்து வேண்டாம்னு தள்ளிட்டு அஞ்சாவதா ஒண்ண எடுத்தா முதிந்தா. நர்ஸுங்க மாநாட்டுல யாரு பேசறதுன்னு விண்ணப்பம் வாங்கி, மார்க் போட்டு, பொறுக்கி எடுக்கறதுக்கு. போன வருஷம் வரைக்கும் எல்லாம் வாட்ஸ்அப்லதான். பாதி தொலைஞ்சுபோகும், மீதியில கமிட்டிக்காரங்க அவங்கவங்க வீட்டாளுங்களுக்கு இடம் போட்டுக்குவாங்க. தலைநகரம் லுசாக்காவே சிரிச்சுது. அதனால நர்ஸுங்க சங்கத் தலைவர் டாக்டர் சிஷிம்பா, சங்கத்து ஆபீஸ்ல வேல பாத்த முதிந்தாவக் கூப்பிட்டு, யாரு எழுதினதுன்னே தெரியாம மார்க் போடற மாதிரி ஒண்ணு பாருன்னு மூணு வாரம் டைம் குடுத்தார்.

அவளும் சும்மா எடுத்துடல. ஆபீஸ்ல பத்து பேர உக்கார வெச்சு, அவங்கவங்க மெயில்லேர்ந்து பொய்யா ஒரு விண்ணப்பம் போடச் சொன்னா. பத்தும் வந்துச்சு. பேரு மறைஞ்சுது. டாக்டர் தோளத் தட்டிக் குடுத்தார்.

வரப்போற விண்ணப்பத்துல அவ மனசு முழுக்க இருந்தது ஒண்ணுதான், இனோங்கேயோடது. ரெண்டு பேரும் நர்ஸ் படிப்புல ஒரே ரூம். இனோங்கே இப்ப மேற்க, ஆத்துக்கு அந்தாண்ட, வெள்ளம் வந்தா படகுலதான் போகணும்ங்கற ஒரு சின்ன ஆஸ்பத்திரில இருக்கா. அங்க இருக்கற பிரசவ வார்ட மூடிட்டு எல்லாரையும் டவுனுக்கே வரச் சொல்லிடலாம்னு மேல பேச்சு. வார்டு வர்றதுக்கு முன்னாடி படகுலயே ரத்தம் போயி செத்த பொண்ணுங்க எத்தன, வந்தப்புறம் பொழச்சவங்க எத்தனன்னு ஏழு வருஷமா நோட்டுல எழுதி வெச்சிருக்கா அவ. மாநாட்டுல மந்திரி உக்காந்திருக்கறப்ப அத இருபது நிமிஷம் பேசிட்டா வார்டு தப்பிச்சிரும்னு நம்பிக்கிட்டிருந்தா.

முதிந்தா டோங்கா, இனோங்கே லோசி. அந்த ரெண்டு இனமும் நம்ம மாமன் மச்சான் மாதிரி, கேலி பண்ணிக்கற மொற. ரத்த சம்பந்தம் கெடையாது, ஆனா கசின்னு சொல்லிக்குவாங்க. என்ன வேணா திட்டலாம், எழவு வீட்லகூட. கோவிச்சுக்கறவதான் தோத்தவ. "மாட்டோடயே பேசி வளந்தவ நீ, உனக்கு மெஷின் பாஷை யாருடி சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டா இனோங்கே. "மீன்தின்னி, மூடிட்டு ஃபார்ம நெரப்பு"ன்னா இவ.

லிஸ்ட் வந்துச்சு. இனோங்கே பேரு இல்ல.

தேர்வானதுல இல்ல, கழிச்சதுலயும் இல்ல. அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததே ஒண்ணுதான், முவாங்காலான்னு புதுசா சேந்த பொண்ணு கை கழுவற சோப்பப் பத்தி நாலு வரி எழுதினது. மார்க் கம்மி, தள்ளிட்டாங்க. முதிந்தா சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டா. மரியாதையா பதில் வந்துச்சு. ஒரு மெயிலுக்கு ஒரு ஆளு. அதே மெயில்லேர்ந்து இன்னொண்ணு போட்டா, பழச மாத்தவான்னு கேக்கும், மாத்திடும். பழசு எங்கயும் இருக்காது.

அந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிலயும் ஆளுக்கொரு மெயில் ஏது? பெரிய சிஸ்டரோட மெயில் ஒண்ணுதான், லீவு லெட்டர்லேர்ந்து கல்யாணப் பத்திரிக வரைக்கும் எல்லாருக்கும் அதுலதான். அந்தப் பக்கம் நர்ஸா இருந்தப்ப முதிந்தாவே நாலு வருஷம் அப்படித்தான் அனுப்பிக்கிட்டிருந்தா. லுசாக்கா வந்து அத மறந்துட்டா. இன்னும் எத்தன பேரோடத முழுங்குச்சோன்னு எண்ணிப் பாக்கக்கூட வழி இல்ல.

டாக்டர்கிட்ட ஓடினா. நிகழ்ச்சி நிரல் மந்திரி ஆபீஸுக்கே போயிருச்சுன்னார் அவரு. ஒரே ஒரு இடம், கடைசிலயாவதுன்னு கெஞ்சினா.

"அந்த சிஸ்டர் உனக்கு என்னம்மா வேணும்?"

"கசின், டாக்டர். டோங்கா லோசி கசின்தான், வேற ஒண்ணும் இல்ல."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வெளிய கசின்னு ஒரு வார்த்ததானே போகும். சொந்தக்காரங்க வரக்கூடாதுன்னுதான் இந்த சாஃப்ட்வேரே வாங்கினோம். நீதானே வாங்கின."

அவரு கத்தக்கூட இல்ல. வேணும்னா வராண்டாவுல ஒரு போஸ்டர் ஒட்டிக்கட்டும்னார். மந்திரி வராண்டா வழியா வரமாட்டார்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் சோத்துக்குக்கூட போகாம இனோங்கேக்கு போன் போட்டா. ஒரே மூச்சுல சொல்லிட்டா. அந்தப் பக்கம் இனோங்கே விழுந்து விழுந்து சிரிச்சா.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டி மாட்டுக்காரி. படகு பேசியாச்சு, புதுத்துணி தெச்சாச்சு. இருடி, ஸ்பீக்கர்ல போடறேன், இவளுங்களும் கேக்கட்டும்."

நாலஞ்சு பேரு சிரிக்கற சத்தம். முதிந்தா மறுபடி சொன்னா. இன்னும் சிரிப்பு. மூணாவது தடவ சொல்றப்ப அவ குரலு ஒடஞ்சுபோச்சு. சிரிப்பு ஒண்ணொண்ணா அடங்குச்சு. யாரோ சின்னப் பொண்ணு, முவாங்காலாவாத்தான் இருக்கும், "அது கேட்டுச்சு சிஸ்டர், பழச மாத்தவான்னு. எனக்குத் தெரியல, ஆமான்னு அமுக்கிட்டேன்"னு சொல்றது கேட்டுச்சு.

இனோங்கே ஸ்பீக்கர அணைச்சா.

வார்ட மூடறத எப்ப முடிவு பண்றாங்கன்னு இனோங்கே கேட்டா. மாநாடு முடிஞ்சு அடுத்த வாரம்னா முதிந்தா. வேற வழி ஒண்ணும் இல்லையான்னு கேட்டா. இல்லன்னா.

"திட்டுடி இனோங்கே. மாடுன்னு சொல்லு, என்னவாவது சொல்லு."

"உங்கள நான் எதுக்குங்க மேடம் திட்டப்போறேன். உள்ள ஒருத்திக்கு வலி வந்திருச்சு. நான் போகணும்."