தம்பிக்கு நின்ற மைதானம்

தம்பியின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, மைதானத்து ஒலிபெருக்கியில் வெயிலுமுத்து தன் பெயரைக் கேட்டார்.

“நமது ஊரின் பெருமைக்குரிய நாவலாசிரியர் வெயிலுமுத்து அவர்கள் சற்றுமுன் காலமானார்கள். இரு அணியினரும் ரசிகர்களும் ஒரு நிமிடம் எழுந்து நின்று…”

போட்ட முடிச்சு கையிலேயே நின்றுவிட்டது. மதியம் சோறு தின்றுவிட்டுக் கைகழுவப் போன தம்பி சுடலைக்குமார் குழாயடியில் சரிந்துபோனதையே அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. அதற்குள் அவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ‘எழுத்தாளர் வீட்டில் துட்டி’ என்று எவனோ சொல்லியிருப்பான். அந்த வீட்டில் சாவதற்கு இன்னொரு ஆளும் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனதால் வெயிலுமுத்து ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை. அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்ததும் ஆடிவிட்டு வந்து, வியர்வை காயுமுன் ஆட்டத்தை ஒன்றுவிடாமல் சொல்வார் தம்பி. அண்ணன் அதை நாவலாக்குவார். “நான் ஓடுதேன், நீ எழுதுண்ணே” என்று தம்பி சிரிப்பார். பந்து நம்மிடம் நிற்பது கொஞ்ச நேரம்தான், மீதி நேரமெல்லாம் அடுத்தவனுக்காக ஓடுவதுதான் ஆட்டம், குடும்பமும் அப்படித்தான் என்று வெயிலுமுத்து எழுதியதை மேடைதோறும் பேசினார்கள். ஓடியது யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

மயங்கிக் கிடந்த தம்பி மனைவி ராமலட்சுமி, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள். மைதானம் கப்சிப்பென்று இருந்தது.

“ஆட்டத்த நிறுத்திட்டாவளா அத்தான்?”

“ம்.”

“இவியளுக்காவா?”

வெயிலுமுத்து முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆமாத்தா.”

அவள் புருஷனின் கால்களைக் கட்டிக்கொண்டாள். “கேட்டீயளா? ஊரே உங்களுக்கு எந்திரிச்சு நிக்குது!”

வாசலில் பைக் சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். போட்டி நடத்தும் ஹாரூன் பெரிய மாலையோடு இறங்கிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது.

“அண்ணாச்சி! நீங்க… அப்பாடா, நல்லவேளை!” சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அப்ப உள்ள யாரு?”

“எந் தம்பி.”

“உங்களுக்குத் தம்பி உண்டுமா?”

வெயிலுமுத்துவுக்கு அறை வாங்கியதுபோல இருந்தது. அவன்மேல் கோபப்படவும் வழியில்லை.

“தப்பாப் போச்சு அண்ணாச்சி. இப்பவே மைக்குல திருத்திச் சொல்லிருதேன். அவிய பேரு என்ன?”

பெயரைச் சொல்ல வாயெடுத்தார். உள்ளே ராமலட்சுமி பக்கத்து வீட்டுப் பெருமாயியிடம், “ஆட்டத்தயே நிறுத்திட்டாவக்கா இவியளுக்காவ” என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

“திருத்தாத.”

“என்ன சொல்லுதீங்க?”

“எடுக்குற வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கிடுதேன். வாசல்ல நின்னு, செத்தது எந் தம்பின்னு வாரவங்ககிட்ட மட்டும் சொல்லு. உள்ள போயி ஒருத்தரும் எம் பேர எடுக்கக் கூடாது.”

ஹாரூன் தலையாட்டினான். வெயிலுமுத்து காலை இழுத்துக்கொண்டு சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்த் துவைகல்லில் உட்கார்ந்தார்.

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வாத்தியார்கள், சங்கத்துக்காரர்கள், ஆட்டம் முடிந்து வேர்வையோடு இரண்டு அணிகளும். “பாத்தீயளா, உங்களுக்கு எம்புட்டு சனம்!” என்று ராமலட்சுமி கதறுவது கேட்டது. அப்போதுதான் அவருக்கும் அழுகை வந்தது. சத்தம் வெளியே வராமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

பெருமாயி கை நிறைய மாலைகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். உள்ளே வைக்க இடமில்லை என்று அவர் காலடியில் போட்டுவிட்டு, மிச்சத்தை எடுக்கப் போனாள்.