யார் வீட்டு உயரம்

பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதத்தில் இசோநாகா சுமியே ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வாரம் பாரை மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, மேற்கிலிருந்து நல்ல காற்று, காயப்போட்டதெல்லாம் ஒரே நாளில் காய்ந்தது. காலையில் கருவாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது வாசல் உத்தரம் அவள் நெற்றியில் இடித்தது. அத்தனை வருடமும் குனியாமல் நுழைந்த வாசல் அது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உத்தரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். அவள் அப்படிப்பட்ட பெண்.

ஹனேசாகி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மீனைப் பிளந்து, உப்புநீரில் முக்கி, வலைத்தட்டில் காயப்போடும் பெண்கள் நாங்கள். பழைய தலைவி முட்டிவலி என்று நின்றுகொண்டதும், வேலையில் மூத்தவள் என்பதற்காகச் சுமியேவைத் தலைவி ஆக்கினார்கள். அவள் பேசினால் பக்கத்துத் தட்டுக்காரிக்கே கேட்காது. சங்கத்துக்கு அதுதான் வசதி. கொட்டகையை மூடிவிட்டு, பிடித்த மீனை அப்படியே பக்கத்து நகரத்து உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. வசந்தகாலப் பொதுக்கூட்டத்தில் முடிவு. எங்கள் எல்லோருடைய பிழைப்புக்காகவும் பேச வேண்டிய ஒரே வாய் சுமியேவுடையது, அது தேமே என்று மூடிக் கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் மாவட்டக் கூட்டமைப்பு மினோபே என்ற பயிற்சியாளரை அனுப்பியது. இருபத்தொன்பது வயது, தோல் பை, பேருந்துக் கம்பியில் தலை தட்டும் உயரம். கீழ்மட்டத் தலைவர்களுக்குத் தன்னம்பிக்கை வரவழைப்பது அவர் வேலையாம். மூடப்போகிற கொட்டகையின் தலைவிக்குத் தன்னம்பிக்கை எதற்கு? எங்களுக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. முதல் நாளே அவர் சுமியேவின் தோளைத் தட்டினார். எங்கள் பக்கம் மேலிடத்து ஆள் தோளைத் தட்டினால் சீட்டைக் கிழிக்கப்போகிறார் என்று அர்த்தம். "காரியமில்லாம எவனாவது செலவு பண்ணி வாத்தியாரை அனுப்புவானா? சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுப்பாங்க பாரு," என்றாள் ததாகி மிட்சுயோ. சந்தேகப்படுவதில் மிட்சுயோவுக்கு நிகர் மிட்சுயோதான். வாங்கிய முட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

வியாழக்கிழமைகளில் சங்கக் கட்டடத்து மாடியறையில் பயிற்சி நடந்தது. தாழ்ந்த மேசைக்கு இருபுறமும் பாயில் உட்கார்ந்துகொள்வார்கள். மினோபே எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்பார், அவ்வளவுதான். "உங்களுக்கு என்ன தோணுது?" சுமியேவிடம் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதல் வாரம் தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம், "மத்தியானத்துக்கு மேல ஐஸ் பத்தல," என்றாள். "அதை யார்கிட்ட சொல்லலாம்னு தோணுது?" என்றார் அவர். மறுநாள் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் நேரத்தில் சுமியே மேற்பார்வையாளரிடம் சொன்னாள். ஐஸ் வந்தது. அவளும் ஒரு விரற்கடை உயர்ந்தாள். அப்புறம் உப்புநீர் அளவுக்கு மீறிக் கரிப்பது பற்றிச் சொன்னாள், ஓட்டைக் கையுறை பற்றிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் காற்சட்டையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவள், மடிப்பு தீர்ந்ததும் கணவனுடையதைப் போட்டுக்கொண்டு வந்தாள். குரலும் ஐஸ் அறைவரை கேட்க ஆரம்பித்தது.

எங்களுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொய் சொல்வானேன், பயம்தான் வந்தது. "உயரம் என்ன வானத்துலேர்ந்தா கொட்டுது? ஒருத்திக்கு வந்தா இன்னொருத்திக்குப் போயிருக்கணும். யார் வீட்டு உயரம் அது?" என்று மிட்சுயோ கேட்டாள். கொட்டகைத் தூணில் பிள்ளைகளை நிறுத்திக் கீறி வைத்த பழைய அடையாளங்கள் இருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் விளையாட்டாகக் கீறிய தன் கோட்டை அதில் தேடிப்பிடித்து, முதுகைச் சாய்த்து நின்று பார்த்தாள் மிட்சுயோ. இரண்டு விரல் குறைந்திருந்தது. அவளுக்குக் கூன் விழத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது என்று சொல்ல எவளுக்குத் தைரியம்? அன்றிலிருந்து ஆளுக்கொரு வலைக்கயிற்றில் முடிச்சுப் போட்டு, காலையும் மாலையும் எங்களை நாங்களே அளந்துகொண்டோம். சுமியேவுக்குப் பக்கத்தில் யாரும் தட்டுப் போடவில்லை. தேநீருக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை.

"மிட்சுயோ-சான், சத்தியமா உங்க உயரத்தை நான் எடுக்கல," என்றாள் சுமியே, மரியாதைக்குச் 'சான்' சேர்த்து, முடிந்த மட்டும் குனிந்துகொண்டு.

"எடுத்தவ எவ எடுத்தேன்னு சொல்லியிருக்கா?"

இவ்வளவு அளந்த நாங்கள் மினோபேயை அளக்கவில்லை. அளக்க முடியாது. அவர் சென்செய், வாத்தியார். பேருந்திலிருந்து அவர் இறங்கியதும் நாங்கள் இடுப்பு வளையக் குனிவோம். மரியாதைக்கார மனிதர், அவர் எங்களைவிடத் தாழக் குனிவார். அவரைவிடத் தாழாமல் நிமிர்வது அழகா? நாங்கள் இன்னும் குனிவோம். இப்படியே போட்டி போட்டு, நாங்கள் நிமிரும்போது அவர் மாடிப்படி ஏறியிருப்பார். குளிர்காலம் முழுக்க நாங்கள் பார்த்தது அவருடைய கறுப்புக் காலணிகளைத்தான். சுமியேவாவது பார்த்திருக்கலாம். ஆனால் அவள் தலைநிமிர்ந்து பேசப் பழகிய பிறகு கீழே பார்ப்பதை விட்டிருந்தாள். தோளைத் தட்டிய கை இப்போது முழங்கையைத் தட்டுகிறதே என்று ஒருநாள் நினைத்தாளாம், தான் வளர்ந்ததால் என்று விட்டுவிட்டாளாம்.

பொதுக்கூட்டத்தன்று காலையில் கடைசிப் பயிற்சி. ஒட்டுக்கேட்கலாம் என்று சுமியேவுக்கு முன்பே போன மிட்சுயோ, மாடியறை வாசலில் மினோபேயின் காலணிகள் உள்நோக்கிக் கிடந்ததைப் பார்த்தாள். எவ்வளவு பகை இருந்தாலும் விருந்தாளியின் காலணியை வெளிநோக்கித் திருப்பி வைக்காமல் போக எங்களால் முடியாது. அவள் கையில் எடுத்தாள். உள்ளேயிருந்து கசக்கிய செய்தித்தாள் விழுந்தது. இன்னும் விழுந்தது. குதிகால்வரை தாள். அவள் கதவைத் தள்ளினாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று இருக்கை மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் கால் தொங்க உட்கார்ந்திருந்தார் சென்செய். சட்டைக் கை நான்கு மடிப்பு மடித்திருந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை அளவுதான் இருந்தார்.

"அட கடவுளே! அந்த உயரம் உங்களுதா? இதை ஏன் சொல்லல நீங்க?"

"கேக்கிறதுதானே என் வேலை," என்றார் அவர். பிறகு பழக்கதோஷத்தில், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டார்.

மிட்சுயோவின் முதுகில் 'சடக்' என்று ஒரு சத்தம். பல வருடக் கூன் நிமிர்ந்தது. கண்ணெதிரே சென்செய் ஒரு கட்டைவிரல் அளவு இறங்கினார். மிட்சுயோ பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினாள். "கேக்காதீங்க! இனிமே ஒரு கேள்வி கேட்டீங்கன்னா பாருங்க!" அப்போது படியேறி வந்த சுமியே, இரண்டு பேரையும் பார்த்து, கீழே கிடந்த தாள்களைப் பார்த்து, விஷயம் புரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை மீன்சந்தைவரை கேட்டது. கடைசிப் பயிற்சி நடக்கவில்லை.

கூட்டத்துக்கு மினோபேயை மிட்சுயோ இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். சுமியே கூரையில் தலை இடிக்காமலிருக்கக் கழுத்தைச் சாய்த்து நின்றாள். எங்கள் ஊரில் கூட்டம் என்பது தலையாட்டுவதற்குத்தான். முடிவு முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசி முடிந்திருக்கும். சங்கத் தலைவர் ஹமாகுச்சி, "எல்லார்கிட்டயும் பேசியாச்சு, மூடுறதா முடிவு," என்று தாளை மடித்தார். சுமியேவிடம் கேட்க மினோபே வாயைத் திறந்தார்.

"வேணாம் சென்செய். கேக்காதீங்க. இதை நானே பாத்துக்கிறேன்," என்றாள் சுமியே.

தலைவர் பக்கம் திரும்பினாள். "எல்லார்கிட்டயும்னா யார்கிட்ட? எங்க வீட்டுக்கு யாரும் வரல. கொட்டகைக்குள்ளயும் யாரும் வந்து பாக்கல. எங்க வீட்டுக்கு வராம எடுத்த முடிவு எங்களைக் கட்டாது." கேள்வி இல்லாமலே பேசினாள். அவள் ஒரு நூலும் உயரவில்லை, சென்செயும் குறையவில்லை. அடுத்து அவள் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தன்னைத் திருடி என்று ஊரெல்லாம் சொன்னவளைத் திரும்பிப் பார்த்து, "மிட்சுயோ-சான், உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். கேட்டதும் அவள் தலை கூரையிலிருந்து ஒரு விரல் இறங்கியது, மிட்சுயோ ஒரு விரல் ஏறினாள். மிட்சுயோவுக்குத் தோன்றியதெல்லாம் சொல்லி முடிய நெடுநேரம் ஆனது. அதற்குப் பின் சுமியே எங்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். எங்களுக்கே தெரியாது எங்களிடம் இவ்வளவு இருந்தது என்று. கடைசியில் அவள் பழைய உயரத்துக்கே வந்து நின்றாள், ஹமாகுச்சி எங்கள் எல்லோரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூடுவதற்குக் கை தூக்கியவர்கள் போதவில்லை. கொட்டகை தப்பியது.

அன்று மாலை மினோபேயைக் கொட்டகை நடுவில் கவிழ்த்த மீன்பெட்டியில் உட்காரவைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒருமுறை கேட்டோம்: "சென்செய், உங்களுக்கு என்ன தோணுது?" ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே திரிந்தவர், பாவம், பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார். கடைசி ஆளும் கேட்டு முடித்ததும், "எனக்குக் கருவாடு பிடிக்காது," என்றார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் வளர ஆரம்பித்தார். கோடை வருவதற்குள் காலணியில் தாள் தேவைப்படவில்லை.

இப்போது ஹனேசாகியில் ஆளுக்கு ஆள் உயரம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மாறும். துணிக்கடையில் எல்லாக் காற்சட்டையும் நீள மடிப்போடுதான் தைக்கிறார்கள், அதற்குத் தனிக்கூலி கிடையாது. ஹமாகுச்சி மட்டும் அதே உயரத்தில் இருக்கிறார். மிட்சுயோவுக்குச் சந்தேகம் போகவில்லை. யாராவது அவளிடம் கருத்துக் கேட்டால், முதலில் கேட்டவரின் காலணியைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விட்டுப் பார்ப்பாள். பிறகுதான் பதில் சொல்வாள்.